விசில் அடிக்கிற அப்பா, தங்கையை அடிக்கிற மகன்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. அவன் அப்பா சண்டைப் படங்களின் தீவிர ரசிகர். முதல் நாள் காட்சிக்கே இவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளாக ஸ்கேலைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு 5 வயது தங்கையை 'வெட்டுகிறான்'. பள்ளியிலும் ஒரு பையனைத் தள்ளிவிட்டதாகப் புகார். சினிமாதான் காரணமா? டிவி, செல்போன் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்: மொத்தமாக நிறுத்த வேண்டாம். பையன் ரவுடியாகிவிடுவானோ என்ற பயத்தையும் இறக்கி வையுங்கள். இதே பயம் வன்முறை வீடியோ கேம் பற்றியும் உண்டு. அது பற்றிய தன் நிலைப்பாட்டை அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் திருத்தியது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் நிஜ வன்முறைக்கு அதைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2019-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், இந்த கேம்களை ஆடும் பழக்கம் பற்றி பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரைப் பார்த்ததில் அந்தச் சிறிய தொடர்புகூடத் தென்படவில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்த பிள்ளைகள். உங்கள் மகனுக்கு எட்டு வயதுதான்.

அவன் வயதுக்கு நான் யோசிப்பது வேறொரு பழைய சோதனையை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா நர்சரிக் குழந்தைகளை வைத்துச் செய்தது, 1965-ல் வெளியானது. ஒரு குட்டிப் படம். காற்றடைத்த பொம்மையை ஒரு ஆள் போட்டு வெளுக்கிறான். முடிவு மட்டும் மூன்று விதம். ஒன்றில் அவனுக்கு மிட்டாயும் பாராட்டும். இன்னொன்றில் திட்டும் அடியும். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. பிறகு குழந்தைகளை அதே போன்ற பொம்மையோடு விட்டார்கள். அவன் அடி வாங்கியதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அவனைப் போலச் செய்தார்கள். சரி, அந்த ஆள் செய்ததைச் செய்து காட்டினால் ஸ்டிக்கரும் ஜூஸும் உண்டு என்றதும், மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின. எல்லாக் குழந்தையும் கற்றுக்கொண்டிருந்தது. வெளியே எடுப்பதுதான் பலனைப் பார்த்து. (அடி வாங்கவே செய்த பொம்மையை அடித்ததை வைத்து மனிதரை அடிப்பதைப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.)

இப்போது உங்கள் ஊர் தியேட்டரை நினைத்துப் பாருங்கள். ஹீரோ வெட்டுகிறார், விசில் பறக்கிறது. அந்த விசிலை அடிப்பவர் பக்கத்து சீட்டில் இருக்கும் அப்பா! எட்டு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய மிட்டாய் எது? வீட்டில் ஸ்கேலைச் சுழற்றும்போதும் யாராவது சிரிக்கிறார்களா, 'குட்டி ஹீரோடா' என்கிறார்களா என்று கவனியுங்கள். சிரிப்பு நிற்கட்டும். ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டு, முதலில் தங்கையைப் போய்ப் பாருங்கள். அடித்தவனுக்கு அப்புறம்தான் கவனம். அதற்காக அவனை அடித்துவிடாதீர்கள். கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் அதிலும் கற்பான்.

படம் பார்க்கும்போது வெட்டு வாங்கியவன் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். 'அந்த ஆள் வீட்டில் யார் இருப்பாங்க? அவங்க என்ன பண்ணுவாங்க?' இரண்டு கேள்வி போதும், பிரசங்கம் வேண்டாம்.

பள்ளிப் புகாரைச் சினிமா கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பையன் இவனைச் சீண்டுகிறானா, இவன் சரியாகத் தூங்குகிறானா, வீட்டுப் பெரியவர்களுக்குள் சண்டை நடக்கிறதா என்று பாருங்கள். நாய், பூனையை வேண்டுமென்றே வதைப்பது, வலிக்கும் என்று தெரிந்தே திரும்பத் திரும்ப அடிப்பது இருந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. 'ஏ' படத்துக்கு 18 வயதுக்குக் கீழே அனுமதியே கிடையாது. யு/ஏ-வில் இப்போது 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவு இருக்கிறது. ஆனால் அது பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே, 16+ படம் என்று தியேட்டர்காரர் பையனைத் தடுக்க மாட்டார். டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணைப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர்தான். முதல் நாள் காட்சிக்கு நண்பர்களோடு போகட்டும். பையனை 7+ படத்துக்குக் கூட்டிப்போகட்டும், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் விசில் அடிக்கட்டும்.