கொடி காடாய்ப் படர்ந்தும் கிழங்கு பிடிக்கவில்லையே, ஏன்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறது. களிமண். சர்க்கரைவள்ளி நட்டேன். நிறைய சாணமும் இரண்டு முறை யூரியாவும் போட்டேன், தினமும் தண்ணீர் விட்டேன். கொடி காடு மாதிரி படர்ந்தது. நாலு மாதம் கழித்துத் தோண்டினால் பென்சில் பருமனில் வேர்கள்தான். எங்கே தவறு? இடத்தின் ஒரு பக்கம் மரநிழல், இன்னொரு மூலையில் தண்ணீர்த்தொட்டி கசிந்து எப்போதும் ஈரம். வேறு எந்தக் கிழங்குகளை வைக்கலாம்? மரவள்ளியில் விஷம், சேம்பு அரிக்கும் என்கிறார்களே, வீட்டில் வளர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சாணம், யூரியா, களிமண், தினமும் தண்ணீர் என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கிலேயே காரணம் இருக்கிறது.

சர்க்கரைவள்ளிக் கொடியை நட்ட சில நாட்களில் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து வேர்கள் கிளம்பும். தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரி மெல்லிய வேர்கள்தான். அதில் எது கிழங்காகப் பருக்கும், எது வெறும் வேராக நிற்கும் என்பது பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள் முடிவாகிவிடுகிறது. மண் பொலபொலவென்று இருந்து, வேருக்குக் காற்றும் மிதமான ஈரமும் கிடைத்தால் அது மாவுச்சத்தைச் சேர்த்துப் பருக்க ஆரம்பிக்கும். மண் இறுகிக் கிடந்தாலோ, தண்ணீர் நின்று காற்றே போகாமல் இருந்தாலோ, அதே வேர் உள்ளுக்குள் நார் வைத்துக் கட்டையாகிவிடும். நீங்கள் பார்த்த பென்சில் வேர்கள் அவைதான். ஒருமுறை நார் வைத்த வேர் பிறகு கிழங்காக மாறாது. அதனால் மூன்றாவது மாதத்தில் மண்ணைக் கொத்திவிடுவதும் உரம் வைப்பதும் பலன் தராது. கிழங்குப் பயிரில் பாதி வேலை நடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது யூரியா. அது தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி புதுப்புது இலையும் கொடியுமாகத் தள்ளிக்கொண்டே போகும். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை முழுவதும் அந்த வளர்ச்சிக்கே போய்விடும், கீழே சேமிக்க மிச்சம் இருக்காது. மேலே எவ்வளவு பச்சை என்பதை வைத்துக் கீழே எவ்வளவு கிழங்கு என்று கணக்குப் போடவே முடியாது. கிழங்குக்கு முக்கியமாக வேண்டியது சாம்பல்சத்து (பொட்டாஷ்). நன்றாக மட்கிய தொழுஉரம் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ அளவில் நடுவதற்கு முன் கலந்துவிட்டு, நட்ட பிறகு செடிக்கு ஒரு சிறு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவினால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். உங்கள் மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது என்றால் சாம்பல் வேண்டாம். இந்தப் பயிருக்குச் சற்றே புளிப்புத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும்.

களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கொட்டுவதால் பெரிய மாற்றம் வராது. அதைவிட மண்ணைத் தரைக்கு மேலே தூக்குங்கள். 30 செ.மீ. உயரத்துக்குப் பார், அதாவது நீளமான மண்மேடு, அணைத்து, பாருக்குப் பார் 60 முதல் 75 செ.மீ. விடுங்கள். மட்கிய இலைச்சருகை உள்ளே கலந்தால் மண் இறுகாது. அதிகத் தண்ணீர் பக்கவாட்டில் வடிந்துவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். தோண்டி எடுக்கும்போது கிழங்கு உடையாமல் வருவது கூடுதல் லாபம்.

நடுவதற்குக் கொடியின் நுனிப்பகுதியை 20 முதல் 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அடிக்கொடியை எடுக்காதீர்கள், அதில்தான் கூன்வண்டு முட்டை வைத்திருக்கும். வெட்டிய கொடியை ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்திருந்து நட்டால் சீக்கிரம் வேர்விடும். இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி, ஒன்றுக்கொன்று 20 முதல் 25 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். முதல் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மண்ணின் மேற்பரப்பு காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். தினமும் விடுவதை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் படரும் கொடி கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடியை மெதுவாகத் தூக்கிப் போட்டால், அங்கங்கே சுண்டுவிரல் அளவுக் கிழங்குகள் வைப்பது குறையும். வெயில் காலத்தில் இந்த வேலை தேவையில்லை. கொடியை மொத்தமாக வெட்டிவிட்டால் கிழங்கு பருக்கும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கிழங்குக்குச் சாப்பாடு இலையிலிருந்துதான் வருகிறது. கீரையாகச் சமைக்க அவ்வப்போது சில இளந்தளிர்களைக் கிள்ளுவதில் தவறில்லை.

கூன்வண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெப்பப் பகுதிகளில் இந்தப் பயிரைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். கிழங்கு பருக்கும்போது மண் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக வண்டு இறங்கி, கிழங்கில் முட்டை வைக்கும். நட்ட ஒரு மாதத்திலும் இரண்டாவது மாதத்திலும் மண் அணைத்து வெடிப்புகளை மூடிவிடுவதுதான் மிகச் சிறந்த தடுப்பு. சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்குப் போட்டால் வெடிப்பே குறையும். வண்டு விழுந்த கிழங்கு கசக்கும், ஒருவித நாற்றம் அடிக்கும். அந்தப் பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு மீதியைச் சமைக்க வேண்டாம். ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். பூச்சியும் பூஞ்சையும் தாக்கிய சர்க்கரைவள்ளியில் நச்சுப் பொருட்கள் உருவாகும், கால்நடைகளின் நுரையீரலை அவை கெடுக்கக்கூடும்.

மூன்றரை மாதத்துக்கு மேல் ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பாருங்கள். வெட்டுவாய் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. கருத்துப் பச்சையாக மாறினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். எடுத்ததும் கழுவாதீர்கள். காயம்படாதவற்றைப் பிரித்து, வெதுவெதுப்பான காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம் வைத்தால் தோல் கெட்டிப்படும், சிராய்ப்புகள் ஆறும், இனிப்பும் கூடும். குளிர்சாதனப் பெட்டி மட்டும் கூடாது. 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் உள்ளே கட்டைதட்டி, வேகவே வேகாது.

ரகம் கிடைக்குமானால் ஆரஞ்சு நிறச் சதை உள்ளதை ஒரு பாரிலாவது வையுங்கள். உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் அதில் நிறைய இருக்கிறது. அத்தகைய ரகங்களை உருவாக்கி மக்களிடம் கொண்டுசேர்த்ததற்காகத்தான் மரியா ஆண்ட்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ மூவருக்கும், பயிர்களில் சத்தைக் கூட்டும் முயற்சிக்காக ஹோவர்த் பூயிஸுக்கும் சேர்த்து 2016-ல் உலக உணவுப் பரிசு தரப்பட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வளர்ப்பது உண்மையிலேயே பயனுள்ள காரியம்.

சரி, தொட்டி ஓரத்து ஈரமான மூலைக்கு வருவோம். அங்கே சேப்பங்கிழங்கைத் தவிர வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். மற்ற கிழங்குகள் அழுகிப் போகும் ஈரத்தில் சேம்பு செழிக்கும். இந்தப் பயிருக்கு வறட்சிதான் பகை. நடுவில் காயவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டால் கிழங்கு இடையில் சுருங்கி, இரு முனையும் பருத்துக் கோணலாக வளரும். 25 கிராம் அளவுள்ள முளைவிட்ட பக்கக்கிழங்குகளை 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஆறேழு மாதத்தில் இலைகள் மஞ்சளாகிச் சாயும்போது தோண்டலாம். இலையில் தண்ணீர் தேங்கியது போன்ற வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது இலைக்கருகல். மழைக்காலத்தில் வேகமாகப் பரவும். அந்த இலைகளை அன்றைக்கே நறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

அரிப்பு என்பது உண்மைதான். சேம்பின் கிழங்கு, தண்டு, இலை எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. அவை தோலிலும் நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதால்தான் அரிப்பும் காறலும். கையுறை போட்டோ, கையில் எண்ணெய் தடவியோ, கிழங்கையும் கையையும் ஈரமில்லாமல் வைத்துக்கொண்டோ தோல் சீவுங்கள். அரைவேக்காடு ஆகவே ஆகாது, குழைய வேகவைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சேம்பு இலை போலவே இருக்கும் அழகுச்செடிகள் பல உண்டு. உண்ணும் ரகம் என்று தெரிந்தவரிடம் வாங்கிய விதைக்கிழங்கை மட்டும் நடுங்கள்.

மரநிழல் பக்கத்துக்குச் சேனைக்கிழங்கு என் முதல் தேர்வு. அரைநிழலைத் தாங்கும் பயிர், பராமரிப்பும் குறைவு. ஒரு தண்டும் அதன் மேல் விரிந்த குடையுமாக நிற்பது பார்ப்பதற்குச் சிறு மரம் போல இருந்தாலும், அது முழுவதும் ஒரே ஒரு இலை. அந்த ஓர் இலைதான் கிழங்குக்கு வேண்டியதைச் சேர்க்கிறது, அதனால் தண்டை ஒடியாமல் காப்பது முக்கியம். அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரையுள்ள துண்டு நடுவதற்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பகுதியாவது இருக்க வேண்டும். வெட்டிய துண்டைச் சாணக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்திவிட்டு, 60 செ.மீ. அகலக் குழியில், மண்ணும் தொழுஉரமும் கலந்து நிரப்பி நடுங்கள். குழிக்குக் குழி 90 செ.மீ. வேண்டும். நட்ட துண்டு மெல்லச் சுருங்கி, அதன் மேலேதான் புதுக்கிழங்கு உருவாகும். அதனால் மேலோட்டமாக நட்டுவிட்டால் கிழங்கு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். மேல்மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் இலை பழுத்துச் சாய்ந்ததும் எடுக்கலாம். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். இதிலும் காறல் உண்டு, சேம்புக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

அதே நிழலில் மிச்சமிருக்கும் இடத்தில் இஞ்சி, மஞ்சள், கூகைக்கிழங்கு மூன்றும் வரும். மரத்தின் வேர்கள் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் அடிமரத்தை ஒட்டி வைக்காமல் இலைவிரிவின் ஓரத்தில் வையுங்கள். சர்க்கரைவள்ளியையும் மரவள்ளியையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இரண்டுக்கும் முழுவெயில் வேண்டும்.

மரவள்ளி பெரிய செடி. உங்கள் இடத்துக்கு வெயில் படும் ஓரத்தில் இரண்டு அல்லது மூன்று போதும். கிழங்கை நட்டால் முளைக்காது, குச்சிதான் நட வேண்டும். பத்து மாதம் முற்றிய தண்டின் நடுப்பகுதியில் 15 முதல் 20 செ.மீ. கரணைகள் வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி நடுங்கள். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் உள்ள செடியிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. அந்த நச்சுயிரி குச்சி வழியாகவும் வெள்ளை ஈ மூலமாகவும் பரவும். இரண்டு வலுவான தளிரை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எட்டு முதல் பத்து மாதத்தில் தயாராகும்.

விஷம் என்பதும் வெறும் பேச்சில்லை. மரவள்ளித் திசுவில் லினமரின் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. வெட்டும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். இனிப்பு ரகங்களில் இது குறைவு. சர்வதேச உணவுத் தர அளவுகோலின்படி பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் அது இனிப்பு ரகம். கசப்பு ரகங்களை ஊறவைத்துப் புளிக்கவைத்துப் பதப்படுத்தத் தெரியாதவர்கள் தொடவே வேண்டாம். இனிப்பு ரகத்தை இரண்டு தோலையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். பச்சையாக ஒரு வாய் கூட வேண்டாம். கடும் வறட்சியில் வளர்ந்த கிழங்கில் நச்சு கூடும். சமைத்த கிழங்கு கசந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

மரவள்ளியில் இன்னொரு சங்கடம், தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கருப்புக் கோடு விழுந்து கெடும். ஆனால் செடியோடு மண்ணில் சில வாரம் காத்திருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு செடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேலி இருந்தால் பெருவள்ளி என்ற கொடிக்கிழங்கைப் படரவிடலாம், கால்கிலோத் துண்டு ஒன்று போதும். வேலியோரத்தில் தானாக முளைத்த காட்டுவள்ளியை மட்டும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். அவற்றில் சில கொடிய நச்சு உள்ளவை.

குளிர்காலத்தில் உறைபனி விழும் பகுதி என்றால் நாட்களை எண்ணி நட வேண்டும். சர்க்கரைவள்ளிக்கு உறைபனி இல்லாத நான்கு மாதம் போதும். மண் வெதுவெதுப்பான பிறகு நடுங்கள். சேம்புக்கு ஏழு மாதம் வேண்டும், மரவள்ளிக்கு அதற்கும் மேலே. அவ்வளவு வெயில் காலம் இல்லாதவர்கள் சேம்பையும் இஞ்சியையும் 40 செ.மீ. ஆழப் பைகளில் வீட்டுக்குள் முளைக்கவைத்துப் பிறகு வெளியே வைக்கலாம். மரவள்ளிக் குச்சிகளை வெட்டி உறைபனி படாத இடத்தில் நிறுத்தி வைத்தால் அடுத்த பருவத்துக்கு நடுபொருள் ஆகிவிடும்.

உங்கள் இடத்துக்கு முதல் பருவத்தில் நான் சொல்வது இவ்வளவுதான்: வெயிலில் இரண்டு பார் சர்க்கரைவள்ளி, ஈர மூலையில் எட்டுப் பத்துச் சேம்பு, நிழலோரம் இரண்டு குழி சேனை. மரவள்ளியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இப்போது தோண்டிய பாத்தியில் உடனே மறுபடி சர்க்கரைவள்ளி வைக்காதீர்கள். பழைய கொடித்துண்டும் வேரும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிட்டு, அங்கே ஒரு பருவம் பயறு வகை ஏதாவது போடுங்கள். புதுப் பார்களை வேறு பக்கம் அணையுங்கள்.