தாயக்கட்டை வீரனுக்கும் ஒரு மாலை

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து கணினியில் பேஸ்போல் லீக் நடத்துகிறோம். நாலு பேர் இங்கே, நாலு பேர் ரொறன்ரோவில். வீரர்களை நாங்கள் ஏலத்தில் எடுப்போம், ஆட்டத்தைக் கணினியே ஆடி முடிக்கும். போன கிழமை என்னுடைய அணியில் கடைசி ஆளாகக் கிடந்த பிற்சர் (பந்து எறிபவன்) ஒருவன், எதிரணியில் அடிக்க வந்த 27 பேரையும் (9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட்) ஒருவர்கூட பேஸில் கால் வைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டான். கொண்டாடுவோம் என்றால், "கம்பியூட்டர் போட்ட இலக்கத்துக்கு மாலையா?" என்று சிரிக்கிறார்கள். (கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, அவர்களிடம் டொன் லார்சன் என்ற பெயரைச் சொல்லிப் பாரும். 1954இல் 3 ஆட்டம் வென்று 21 தோற்ற பிற்சர். இரண்டு வருடம் கழித்து, 1956 ஒக்ரோபர் 8ஆம் திகதி, அமெரிக்க பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் 5ஆவது ஆட்டத்தில் புறூக்ளின் டொட்ஜர்ஸின் 27 பேரையும் வரிசையாக அனுப்பினார். உலகத் தொடரில் அப்படியொன்று வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அவருடைய வாழ்நாள் கணக்கோ 81 வெற்றி, 91 தோல்வி. நிஜ மைதானத்திலேயே ஒரு நாளைக்குக் கட்டை அப்படி விழும் என்றால், உம்முடைய பெடியனுக்கு ஏன் விழக்கூடாது?

எனக்கும் இந்த வியாதி உண்டு. ஸ்காபுறோவில் இருக்கிற மருமகன் ஸ்ற்றாட்-ஓ-மற்றிக் பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தான். 1961இல் ஹால் றிச்மன் என்பவர் விற்கத் தொடங்கிய விளையாட்டு, மூன்று தாயக்கட்டைதான். தனிக்கட்டையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் எறிபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும்.

2022 மின்வெட்டுக் காலத்தில் ஒரு இரவு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், என் பிற்சர் 8ஆவது இன்னிங்ஸ் வரை ஒரு அடிகூட, அதாவது அடித்து பேஸுக்குப் போக ஒருவரையும், விடவில்லை. மருமகன் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான். எறிந்தேன். தனிக்கட்டை உருண்டுபோய்ப் பாயின் விளிம்பில் சாய்ந்து நின்றது. லாம்பைக் கிட்டப் பிடித்துக் குனிந்து பார்த்தால் 3 என்றும் சொல்லலாம், 5 என்றும் சொல்லலாம். 5 என்று சொல்லியிருக்கலாம், அங்கே இருந்து யார் பார்த்தது? ஆனால் நாற்பது வருடம் பள்ளிக்கூடக் கிரிக்கெற்றுக்கு ஸ்கோர் எழுதின கை, கேட்கவில்லை. திரும்ப எறிந்தேன். 2. அடிப்பவரின் அட்டை, ஒற்றை அடி. போச்சு. மனிசி குசினிக்குள்ளிருந்து, "லாம்பெண்ணெய்தான் முடியுது" என்றாள்.

அந்த இரவை அப்படியே சீஆர் கொப்பியில் எழுதிவைத்தேன், பாயின் விளிம்பு உட்பட. மருமகன் ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆகவே நீரும் இன்றைக்கே எழுதும். 27ஆவது ஆள் எப்படி அவுட் ஆனான், அந்த நேரம் யார் விழித்திருந்தது, அந்தப் பெடியனை அன்றைக்கு ஏன் இறக்கினீர் என்று எல்லாம். முதலாமவனுக்கு ஓய்வு கொடுக்கத்தான் இறக்கினீர் என்றால் அதையும் மறைக்காமல் எழுதும். வருட முடிவில் சிறந்த வீரனுக்கு வாக்கெடுப்பு வைத்தால் கடைசி மாதம் ஆடினவனுக்குத்தான் கிடைக்கும். பள்ளிக்கூடப் பரிசளிப்புகளில் இதை எத்தனை தரம் பார்த்துவிட்டேன்.

கேள்வி: அடி விடாமல் எறிந்தவன் பெரிதா, 17 பேரை ஸ்ரைக்அவுட் (மூன்று ஸ்ரைக்கில் வெளியே அனுப்புவது) ஆக்கினவன் பெரிதா? எங்கள் லீக் இரண்டாகப் பிரிந்துவிட்டது. (ரொறன்ரோ வாசகர், சொந்த ஊர் சுன்னாகம்)

பதில்: பில் ஜேம்ஸ் என்ற பேஸ்போல் கணக்குப்பிள்ளை ஒரு வழி சொல்லியிருக்கிறார். 50இல் தொடங்கும். ஒவ்வொரு அவுட்டுக்கும் 1, 4ஆவதுக்குப் பிறகு முடிக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 2, ஒவ்வொரு ஸ்ரைக்அவுட்டுக்கும் இன்னொரு 1 கூட்டும். ஒவ்வொரு அடிக்கும் 2, எறிபவரின் கணக்கில் சேரும் ஓட்டத்துக்கு 4, தவறால் வந்த ஓட்டத்துக்கு 2, இலவச நடைக்கு (நாலு தவறான பந்துக்கு பேஸ் கிடைப்பது) 1 கழியும். லார்சனுக்கு 7 ஸ்ரைக்அவுட். கூட்டிப் பார்த்தால் 94. 1998 மே 6ஆம் திகதி கெரி வுட் என்ற இருபது வயதுப் பெடியன் ஒரு அடி விட்டான், ஆனால் 20 ஸ்ரைக்அவுட். அவனுக்கு 105. சரி, சண்டை தீர்ந்ததா? தீராது, எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் நானும் வுட் பக்கம்தான்.

கணக்கு எதுவானாலும் தோற்றவனுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் விடுங்கள். 1959இல் பிற்ஸ்பேர்க்கின் ஹாவி ஹடிக்ஸ் 12 இன்னிங்ஸில் 36 பேரையும் வரிசையாக அனுப்பிவிட்டு, 13ஆவதில் 1-0 என்று தோற்றார். 1991இல் விதியைத் திருத்தி, அடி விடாத ஆட்டங்களின் பட்டியலிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். உங்கள் லீக்கில் அந்த அநியாயம் வேண்டாம்.

கேள்வி: எல்லே மட்டும் விளையாடின எனக்குப் பேஸ்போல் விளங்குமா? அண்ணாவின் லீக்கில் ஒரு அணி காலியாக இருக்கிறதாம். (சாவகச்சேரி வாசகி)

பதில்: தங்கச்சி, மூன்று பந்துக்குள் அடிக்க வேண்டும், சுற்றி ஓடி வர வேண்டும் என்பது தெரியும்தானே? மிச்சம் ஒரு கிழமையில் பிடிபடும். அணியை உடனே எடும்.

கேள்வி: பரிசுக்குக் கப் வாங்கலாமா? (மீண்டும் கொக்குவில் வாசகர்)

பதில்: வேண்டாம், தூசிதான் பிடிக்கும். நல்லூரடியில் ஐஸ்கிறீம் போதும். ரொறன்ரோக்காரர் காசு அனுப்பட்டும். சாப்பிட்டுவிட்டுப் படம் அனுப்புங்கள்.