சாத்தானுக்குக் குரல் கொடுத்தவர்

கேள்வி: 'ஏஞ்சல் ஹார்ட்' படத்தில் ராபர்ட் டி நீரோ ஒரு முட்டையை உரித்துத் தின்றே சாத்தானைக் கண்முன் நிறுத்திவிட்டார். அல் பசினோ போன்றவர்கள் அதே வேடத்தில் ஏன் அவ்வளவு கத்துகிறார்கள்? திரையில் சாத்தானாகச் சிறப்பாக நடித்தவர் யார்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முட்டை என்று எழுதினீர்களே, அதற்காகவே இந்த வாரக் கடிதக் கட்டில் உங்களுடையதை உருவி எடுத்தேன்.

1987இல் வந்த படம் அது. டி நீரோ நகத்தை நீளமாக வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவித்த முட்டையைத் தட்டில் வைத்து உருட்டுவார், ஓடு நொறுங்கும், நிதானமாக உரிப்பார். சில மதங்களில் முட்டையை ஆன்மாவின் அடையாளமாகக் கருதுகிறார்கள் என்று எதிரே இருக்கும், ஓர் ஆளைத் தேடித் தரும்படி அவர் அமர்த்திய துப்பறிவாளர் மிக்கி ரூர்க்கிடம் சொல்வார். உனக்கு ஒன்று வேண்டுமா என்று உபசாரம் வேறு. ரூர்க் வேண்டாம் என்றதும் உப்பைத் தூவி ஒரு கடி. அவ்வளவுதான் காட்சி. பார்த்தவர்களில் பலர் அன்று இரவு ஆம்லெட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

இதே காட்சியை நம்மூர்த் தள்ளுவண்டிக் கடையில் எடுத்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும். உரிக்கிற வேலையைச் சாத்தானிடம் விடவே மாட்டார்கள். கடைக்காரரே இரண்டு நொடியில் உரித்து, நடுவில் கீறி, வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டுக் கிழித்த தாளில் வைத்து நீட்டிவிடுவார். ஆன்மா, மதம் என்று ஆரம்பித்தால், "சார், பின்னாடி ஆள் நிக்குது, சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்பார். புரட்டாசி மாதமாக இருந்துவிட்டால் அதுவும் கிடையாது. அவித்த வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாத்தான் பயமுறுத்த வேண்டும். வேர்க்கடலையை உரித்து எவனையும் பயமுறுத்த முடியாது என்பது என் கருத்து. முயன்று பார்த்தவர்கள் எழுதலாம்.

சரி, பசினோவுக்கு வருகிறேன். அவருடைய ரசிகர்களுக்கும் எனக்கும் இந்தப் பக்கத்தில் பழைய வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இந்த முறை அவர் பக்கம்தான் பேசப் போகிறேன். 'ஏஞ்சல் ஹார்ட்' சாத்தான் கடன் வசூலிக்க வந்தவன். பத்திரம் எப்போதோ கையெழுத்தாகிவிட்டது. ரூர்க் தேடி அலைகிற ஆள் ரூர்க்கேதான். (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். படம் வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்னுமா பார்க்கவில்லை?) வட்டியோடு வரப்போகிற பணத்துக்கு எவன் தொண்டையைக் கிழித்துக்கொள்வான்? உட்கார்ந்து முட்டை உரிக்கலாம். 1997இல் வந்த 'தி டெவில்ஸ் அட்வகேட்' சாத்தானோ ஆள் பிடிக்க வந்தவன். கியானு ரீவ்ஸ் இன்னும் தலையாட்டவில்லை. ஓட்டுக் கேட்கிறவன் மைக்கைப் பிடித்தால் கத்தத்தான் செய்வான். போதாததற்கு அந்தப் படத்தில் அவர் பெயரே ஜான் மில்டன். 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை எழுதிய கவிஞரின் பெயர். அந்தக் காவியத்தில் சாத்தானைப் போல மேடைப்பேச்சு பேசுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. கடவுளின் பக்கத்து வசனங்கள் அவன் வசனத்துக்கு முன்னால் கொஞ்சம் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பசினோ வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் கடைசிப் பத்து நிமிடம் எனக்கும் காது வலித்தது. வழக்கு தொடர்கிறது.

இன்னொரு முட்டை பாக்கி இருக்கிறது, அது பச்சை முட்டை. 1973 டிசம்பரில் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்துப் படுக்கையில் கிடந்து உறுமுகிற சிறுமி லிண்டா பிளேர். உறுமல் அவருடையதல்ல. மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையின் குரல் அது. சாதாரண ஆள் இல்லை, 1949ஆம் ஆண்டுப் படத்துக்காகத் துணை நடிகை ஆஸ்கார் வாங்கியவர், வானொலி நாடகங்களில் பெரிய பெயர். அந்தக் குரலுக்காகப் பச்சை முட்டையை விழுங்கினார், சிகரெட்டை ஊதித் தள்ளினார், குடியை விட்டொழித்திருந்தவர் மறுபடி விஸ்கியைத் தொட்டார். கட்டிப் போட்ட நிலையில் குரல் திமிறி வர வேண்டும் என்று தன்னை நாற்காலியோடு கட்டவும் சொன்னார். இவ்வளவும் செய்தவர் தியேட்டரில் போய்ப் பார்த்தால், டைட்டிலில் பெயர் இல்லை! சண்டை போட்டார். நடிகர் சங்கம் உள்ளே வந்த பிறகுதான் பெயரைச் சேர்த்தார்கள். துணை நடிகை ஆஸ்கார் பரிந்துரை யாருக்குப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? லிண்டா பிளேருக்கு. அந்தக் குழந்தைமேல் தப்பில்லை. பாதி நடிப்பு இன்னொருவருடையது என்ற முணுமுணுப்பு மட்டும் அப்போதே எழுந்தது.

நான் டப்பிங் கலைஞர்கள் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் உதவி ஆசிரியர் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார். இப்போதும் போய்விட்டார். போகட்டும். எத்தனை கதாநாயகிகளை நாம் குரலுக்காகவே நேசித்திருக்கிறோம்! அந்தக் குரல் யாருடையது என்று கேட்டால் தெரியாது. டைட்டிலில் பெயர் வந்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஓடிவிடும். தமிழ்நாடு அரசு விருதுப் பட்டியலில் பின்னணிக் குரலுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதை வாங்குகிறவர்களின் படத்தை எந்தப் பத்திரிகையாவது அட்டையில் போட்டதுண்டா? நாங்களும் போட்டதில்லை. முகம் விற்கும், குரல் விற்காது என்று விற்பனைப் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு, அது வேறு வாரம்.

2004இல் மெல் கிப்சன் எடுத்த கிறிஸ்து படத்திலும் இதே கதைதான். சாத்தானாக வந்தவர் ரோசலிண்டா செலன்டானோ என்ற இத்தாலிய நடிகை. புருவத்தை மழித்து, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஆக்கி, மேலே ஆண் குரலை ஒட்டவைத்தார்கள். வேலை செய்தது என்றே சொல்வேன்.

அப்புறம் மேக்ஸ் வான் சிடோவை விட்டுவிட மனம் வரவில்லை. 1965இல் இயேசுவாக நடித்தார், 'எக்ஸார்சிஸ்ட்'டில் பேயோட்டும் பாதிரியார், 1993இல் 'நீட்ஃபுல் திங்ஸ்' படத்தில் ஊரையே கெடுக்கும் கடைக்காரச் சாத்தான். ஒரே சர்வீசில் எல்லா இலாகாவும் பார்த்து ரிட்டயர் ஆன அதிகாரி.

சிறந்தவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். முகம் தெரிய நடித்தவர்களில் என் ஓட்டு, 1941இல் வந்த 'தி டெவில் அண்ட் டேனியல் வெப்ஸ்டர்' படத்தின் வால்டர் ஹஸ்டனுக்கு. பெயர் மிஸ்டர் ஸ்கிராட்ச். ஆட்டுத்தாடி, தொப்பி, பாக்கெட்டில் ஒரு குறிப்பு நோட்டு. கத்தவும் மாட்டார், முணுமுணுக்கவும் மாட்டார், சந்தைக்கு வந்த தரகர் மாதிரி சிரித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் நோட்டைப் புரட்டி, அடுத்த ஆள் யார் என்று தேடி, திரையிலிருந்து நம்மை நோக்கி விரலை நீட்டுவார். அந்த வருடம் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரையில் அவர் பெயரும் இருந்தது. பரிசைத் தட்டிச் சென்றவர் கேரி கூப்பர். பைபிளைப் படித்துவிட்டுப் போருக்குப் போகலாமா வேண்டாமா என்று தவிக்கிற பக்தராக நடித்ததற்கு!