4 மில்லிமீட்டர் கருவுக்கு இதயத்துடிப்பு இல்லை என்று அன்றே கலைத்துவிட்டார்கள்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் எடுத்த முதல் ஸ்கேனில் கரு 4 மி.மீ. இருப்பதாகவும் துடிப்பு இல்லை என்றும் சொன்னார்கள். அன்று மாலையே மாத்திரை கொடுத்து, மறுநாள் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். எனக்கு மாதவிடாய் எப்போதும் தள்ளித்தான் வரும். ஒரு வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது வேறொரு மருத்துவர் கூறுகிறார். இது நடந்து 16 மாதங்கள் ஆகின்றன. வழக்குத் தொடுக்க முடியுமா? (சேலம் மாவட்ட வாசகி)

பதில்: முடியும். ஆனால் எதை இழந்ததற்காக இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதில் உங்களுக்குத் தெளிவு வேண்டும். வழக்கின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு தெரியாவிட்டால், அல்லது கருவைச் சுற்றியுள்ள பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு தென்படாவிட்டால்தான் கர்ப்பம் நின்றுவிட்டதாக முடிவுகட்டலாம் என்பது 2013-இல் அமெரிக்க அல்ட்ராசவுண்ட் வல்லுநர்கள் வகுத்த அளவுகோல். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பும் 2012-இல் இதே அளவுகளைக் கூறி, இவற்றுக்குக் குறைவாக இருந்தால் குறைந்தது 7 நாள் கழித்து மறு ஸ்கேன் எடுக்கச் சொன்னது. வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனாக இருந்தால் 14 நாள். அதற்கு முன் 5 மி.மீ. என்ற எல்லையே பல இடங்களில் புழக்கத்தில் இருந்தது. அயர்லாந்தில் கரு இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்கள் சிலருக்குப் பின்னர் உயிருள்ள குழந்தை பிறந்திருந்தது 2010-இல் வெளியே தெரிந்து, நாடு தழுவிய ஆய்வே நடந்தது. மாதவிடாய் ஒழுங்கற்ற பெண்ணுக்குக் கருமுட்டை தாமதமாக வெளிவருவதால், கணக்குப்படி 7 வாரம் என்றிருக்கும் கர்ப்பம் உண்மையில் 6 வாரத்தைக்கூட எட்டாமல் இருக்கலாம். அந்த நிலையில் 4 மி.மீ. கருவில் துடிப்பு தெரியாதது எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

ஆகவே ஒரே ஸ்கேனை வைத்து முடிவெடுத்தது தவறு என்று வாதிட இடமுண்டு. ஆனால் காத்திருந்தால் குழந்தை பிறந்திருக்கும் என்று நிரூபிப்பது, உண்மையைச் சொன்னால், அநேகமாக முடியாத காரியம். அந்த அளவில் துடிப்பில்லாத கருக்களில் கணிசமானவை பின்னர் தாமாகவே நின்றுவிடுகின்றன, உங்களுடையது எந்த வகை என்பதற்கான சான்று மாத்திரையோடு அழிந்துவிட்டது. குழந்தையை இழந்தேன் என்று மட்டும் மனு எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு புள்ளியிலேயே வழக்கை முடித்துவிடுவார். காத்திருக்கும் வாய்ப்பு எனக்குச் சொல்லப்படவே இல்லை, அவசரமில்லாத நிலையில் திரும்பப் பெற முடியாத சிகிச்சை அளிக்கப்பட்டது, அதனால் உடலுக்கும் மனதுக்கும் துன்பம் நேர்ந்தது என்று சேவைக் குறைபாட்டை மையமாக வைத்து எழுதுவதே என் பரிந்துரை. மாற்று வழிகளையும் விளக்கிப் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-இல் கூறியிருப்பதால், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பது மிக முக்கியம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயமான பதில்கள் இருக்கலாம். அன்று உங்களுக்குக் கடுமையான இரத்தப்போக்கு இருந்திருந்தால் காத்திருக்கச் சொல்வது பொருந்தாது. இதற்கு இரண்டு வாரம் முன்பு வேறெங்காவது எடுத்த ஸ்கேனில் வெறும் பை மட்டும், அதாவது கருவுக்கு முன்பே உள்ளே தென்படும் மஞ்சள்கருப் பைகூட இல்லாமல், தெரிந்திருந்தால், மேற்சொன்ன அளவுகோலின்படியே இந்தக் கர்ப்பம் நின்றுவிட்டது என்று முடிவுகட்ட 4 மி.மீ. தடையாகாது. முன்பு எடுத்த ஸ்கேன் ஏதேனும் இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள். வெளிநாட்டு அளவுகோல் இந்தியாவில் சட்டமல்ல என்றும் வாதிடுவார்கள், அது சரிதான். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாராராவது இப்படிச் செய்திருப்பார்களா என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி. எனவே மகப்பேறு மருத்துவர் அல்லது ஸ்கேன் நிபுணர் ஒருவரின் எழுத்துபூர்வமான கருத்து வேண்டும். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது என்றாலும், உங்கள் வழக்கில் அதில்லாமல் இறங்க வேண்டாம். ஸ்கேன் அறிக்கையிலேயே ஒரு வாரத்தில் மறு பரிசோதனை தேவை என்று எழுதியிருந்தால் ஸ்கேன் மையம் பெருமளவு தப்பிவிடும். சிகிச்சையளித்த மருத்துவரும் மருத்துவமனையும் பதில் சொல்ல வேண்டிவரும்.

மனுவை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு மனுத் தாக்கலுக்குத் தரும் காலம் 2 ஆண்டுகள். தவறு இப்போதுதான் தெரியவந்தது, அதனால் இன்றிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற வாதத்தை நம்பியிருக்க வேண்டாம். சிகிச்சை நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு மீதமிருப்பது 8 மாதம். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் அரசு மருத்துவமனையில் இது நடந்திருந்தால் இந்த வழி இல்லை, உயர் நீதிமன்ற ரிட் மனுவையோ உரிமையியல் வழக்கையோ நாட வேண்டியிருக்கும். காவல் நிலையப் புகாரை நான் ஊக்குவிப்பதில்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் மிகக் கடுமையான அலட்சியம் மட்டுமே குற்றவியல் வரம்புக்குள் வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஆவணங்கள். கேஸ் ஷீட், ஒப்புதல் படிவம், அகற்றிய திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு ஆகியவற்றின் நகலைக் கேட்டு மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்கேன் மையத்துக்குத் தனிக் கடிதம் தேவை. பாலினத் தேர்வுத் தடைச் சட்ட விதிகள் ஸ்கேன் படங்களையும் பதிவுகளையும் 2 ஆண்டுகள் மட்டுமே பாதுகாக்கச் சொல்கின்றன. உங்கள் கையில் இருக்கும் ஸ்கேன் தாள் வெப்ப அச்சு என்பதால் அது மங்கிக்கொண்டே போகும். அந்த 4 மி.மீ. அளவு தெளிவாகத் தெரியும்படி இன்றே படமெடுத்து நகலும் எடுத்துவிடுங்கள்.