வீட்லயே ஹெட்டர் மாட்டுறது: கேட்டவங்களுக்கு என் பதில்

கம்பெனி மேனிஃபோல்டை (இன்ஜின் புகையை சேர்த்து சைலன்சர் பைப்புக்கு அனுப்புற பாகம்) கழட்டிட்டு, அதுக்கு பதிலா வெளியில வாங்குன குழாய் ஹெட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி குழாய் வெச்சது) வீட்லயே மாட்டுறது பத்தி எது வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், கேள்வி நிறைய வந்திருக்கு. வந்ததுல பாதிக்கு மேல "எப்படி மாட்டுறது"ன்னுதான் இருக்கு. மாட்டுறது ரெண்டு மணி நேர வேலைங்க, பழசை உடைக்காம கழட்டுறதும் புதுசை சரி பார்க்குறதும்தான் ஒரு நாள் எடுக்கும், அதனால அங்கதான் கொஞ்சம் நீட்டி சொல்லியிருக்கேன்.

கேள்வி: அண்ணா, 12 வருஷ வண்டி, மேனிஃபோல்டு நட்டெல்லாம் துரு ஏறி கெடக்கு. தொடவே பயமா இருக்கு. எப்படி கழட்டலாம்?

பதில்: பயம் நியாயமானதுதான் தம்பி, எனக்கும் மொத தடவை ஹெட்டுக்குள்ளயே (இன்ஜினோட மேல் பாகம்) ஒரு ஸ்டட் (நட்டு ஏறுற மரைக் கம்பி) ஒடிஞ்சு போய் ஒரு வாரம் வண்டி நகரல. அவசரம்தான் காரணம். முந்தின நாள் காலையில துரு இளக்குற ஆயிலை ஒவ்வொரு நட்டுலயும் அடிங்க, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை. இன்ஜின் ஆறி இருக்கும்போது மட்டும் அடிங்க, சூட்டு மேனிஃபோல்டுல அடிச்சா தீப்பிடிக்கும். மறுநாள் பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு ஆறு முனை சாக்கெட் போடுங்க, பன்னிரண்டு முனை போட்டா துரு தின்ன நட்டோட மூலை மழுங்கிடும். எடுத்த எடுப்புல கழட்டுற பக்கம் இழுக்காதீங்க, முதல்ல இறுக்குற பக்கம் லேசா ஒரு அசைவு, அப்புறம் கழட்டுற பக்கம் கால் சுத்து, திரும்ப இறுக்குங்க, ஆயில் விடுங்க, திரும்ப கழட்டுங்க. நட்டு "கிறீச்"னு சத்தம் போட்டா நல்லது, துரு விடுதுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டு வந்தா உடனே நிறுத்துங்க, அது நட்டு திரும்புறது இல்ல, ஸ்டட் முறுக்கிக்கிட்டு இருக்கு, அடுத்து ஒடியும்.

கேள்வி: எனக்கு ஒடிஞ்சே போச்சு சார், இப்ப என்ன பண்ண?

பதில்: கொஞ்சமாவது வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா அது மேல ஒரு நட்டை வெச்சு வெல்டு பண்ண சொல்லுங்க, வெல்டு சூட்டுலயே மரை இளகி பெரும்பாலும் வந்துடும். உள்ளயே மட்டமா ஒடிஞ்சிருந்தா நடு மையத்துல பஞ்ச் வெச்சு இடதுபக்கம் சுத்துற ட்ரில் பிட்டால ஓட்டை போடணும், சில நேரம் ஓட்டை போடும்போதே கழண்டு வரும். அலுமினிய ஹெட்டுல பிட் ஒரு ஓரமா விலகினா மென்மையான அலுமினியத்தைத்தான் முதல்ல தின்னும், கை நடுக்கம் இருக்குன்னு தோணிச்சுன்னா லேத்து வேலை தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: ப்ரோ, புது ஹெட்டர்தானே, அப்படியே எடுத்து மாட்டிடலாமா?

பதில்: மாட்டாதீங்க. குழாயை ஃபிளாஞ்சோட (ஹெட்டுல ஒட்டி நிக்கிற தட்டைத் தகடு) வெல்டு பண்ணும்போது ஃபிளாஞ்சு வளைஞ்சுக்கும், புது பெட்டியில வந்தாலும் வளைவு இருக்கலாம். ஒரு நேர் ஸ்டீல் ஸ்கேலை ஃபிளாஞ்சு முகத்துல நெட்டுவாக்குல வெச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, வெளிச்சம் ஒழுகுற இடத்துல ஃபீலர் கேஜ் (சந்தை அளக்குற மெல்லிய பிளேடு செட்) நுழைச்சு பாருங்க. 0.1 மி.மீ. பிளேடு நுழையலேன்னா நான் நிம்மதியா மாட்டுவேன், ஆனா உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. வளைவு அதிகம்னா மிஷினிங் கொடுத்து மட்டம் பண்ணிக்கோங்க. அடுத்து போர்ட்டு ஓட்டைக்குள்ள (புகை போற வழி) விரலை விட்டு தடவி பாருங்க, உள்பக்கம் வெல்டு பிதுங்கி இருந்தா அரைச்சு விடுங்க, கேஸ்கட்டையும் (லீக் ஆகாம ஹெட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவுல வெக்குறது) ஃபிளாஞ்சுல வெச்சு எங்கயாவது ஓட்டையை மறைக்குதான்னு பாருங்க. ஹெட் பக்கம் பழைய கேஸ்கட் ஒட்டிக்கிட்டு இருக்கும், அலுமினியம்னா கீறல் விழாம பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டுங்க, போர்ட்டுக்குள்ள துணி அடைச்சுட்டு.

அப்புறம் கேஸ்கட் இல்லாம ஒரு தடவை சும்மா மாட்டி பாருங்க. இதை நெறைய பேர் விட்டுடுறாங்க, எனக்கு மனசு கேக்கல. ஸ்டியரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை திருப்பி பாருங்க, ஸ்டார்ட்டர் மோட்டார் வயர், பிரேக் லைன், பிளக் வயர் எல்லாத்துக்கும் குழாய்க்கும் நடுவுல விரல் தாராளமா போகணும், ஏன்னா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் மவுண்ட்டுல ஆடும், நிக்கும்போது இருக்குற இடைவெளி ஓடும்போது இருக்காது.

கேள்வி: இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா?

பதில்: காசு இருந்தா ஸ்டெயின்லெஸ். ஆனா 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் சூட்டுல அதிகமா நீளும், ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 9 மி.மீ. நீளும், சாதா இரும்பு ஆறு ஏழுதான். அதனால பின்னாடி சைலன்சர் பைப்பை இறுக்கி கட்டி வெச்சா வெல்டுல விரிசல் வரும், நடுவுல வளைஞ்சு கொடுக்குற ஃபிளெக்ஸ் துண்டு இருக்கணும். மாட்டுன பிறகு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அசிட்டோன் துணியால துடைச்சிடுங்க, கைரேகை பதிஞ்சா சூட்டுல வெந்து அப்படியே நின்னுடும்.

கேள்வி: சூடு குறைய துணி டேப் சுத்தலாமா அண்ணா?

பதில்: இரும்பு ஹெட்டர்னா நான் சுத்த மாட்டேன். தண்ணியை பிடிச்சு வெச்சுக்கும், உள்ள துரு தின்னுட்டு இருக்கும், வெளியில தெரியாது. செராமிக் கோட்டிங் நல்லது.

கேள்வி: ஆக்ஸிஜன் சென்சர் வயர் எட்டல, வெட்டி சோல்டர் பண்ணலாமா?

பதில்: வேண்டாம். புகையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு இது வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் பாக்குது, பல சென்சர்ல அந்த வெளிக்காத்து வயருக்குள்ள இருக்குற சந்து வழியாத்தான் உள்ள போகுது, சோல்டர் பண்ணா அது அடைச்சுக்கும். ரெண்டு பக்கமும் கப்ளிங் வெச்ச எக்ஸ்டென்ஷன் வயர் கிடைக்கும், அதை போடுங்க. சென்சர் மரையில ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்காம இருக்க போடுற பேஸ்ட்) லேசா தடவலாம், சென்சர் முனையில படவே கூடாது.

கேள்வி: மாட்டுனதுக்கு அப்புறம் காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு சத்தம் வருது, அஞ்சு நிமிஷத்துல போயிடுது. அப்படியே விடலாமா?

பதில்: விடாதீங்க, லீக்குதான். சூட்டுல உலோகம் விரிஞ்சு சந்து மூடிக்குது, அதான் சத்தம் போயிடுது. சென்சருக்கு முன்னாடி லீக் இருந்தா புகை வெளிய போறது மட்டும் இல்ல, ரெண்டு புகை துடிப்புக்கு நடுவுல வெளிக்காத்தும் உள்ள இழுக்கும், சென்சர் அதை பார்த்து பெட்ரோல் கம்மின்னு நினைச்சு இசியுவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் அதிகமா ஊத்த வெக்கும், மைலேஜ் போயிடும். கண்டுபிடிக்க இன்ஜின் ஆறி இருக்கும்போது வேக்குவம் கிளீனரோட காத்து வர்ற பக்கத்தை சைலன்சர் வாய்ல வெச்சு ஊத விட்டு, ஜாயின்ட்டெல்லாம் சோப்புத் தண்ணி அடிங்க, குமிழி வர்ற இடம்தான் லீக். பெரும்பாலும் போல்ட் இறுக்குன முறைதான் தப்பா இருக்கும். நடுவுல இருந்து ரெண்டு ஓரத்துக்கு மாத்தி மாத்தி, மூணு சுத்தா, டார்க் ரெஞ்ச்ல (இறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்) மேனுவல் அளவுக்கு இறுக்கணும். மரையில ஆன்டி சீஸ் போட்டிருந்தா காஞ்ச மரைக்கு கொடுத்த அளவு அதிகமாயிடும், அதையும் கவனிங்க.

கேள்வி: பவர் எவ்வளவு ஏறும் ப்ரோ?

பதில்: ஹெட்டர் மட்டும் போட்டா சின்ன இன்ஜின்ல கொஞ்சம்தான். குழாய் விட்டம் தேவைக்கு மேல பெருசா இருந்தா கீழ் ஆர்பிஎம்ல இழுவை குறையவே செய்யும். நாலு குழாயும் ஒண்ணா சேர்றது மேல் ஆர்பிஎம்முக்கு, நாலு ரெண்டாகி அப்புறம் ஒண்ணாகுறது நடு ஆர்பிஎம்முக்கு, தினசரி ஓட்டுற வண்டிக்கு ரெண்டாவதுதான் என் சாய்ஸ். ஒண்ணு பாத்துக்கோங்க, கம்பெனி மேனிஃபோல்டுலயே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையை சுத்தம் பண்ற பாகம்) சேர்ந்து இருந்தா அதை எடுக்குறது பல நாடுகள்ல சட்டவிரோதம், புகையும் நாறும். அந்த மாதிரி வண்டிக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

கேள்வி: முதல் ஸ்டார்ட்ல புகையா வருது, பயந்துட்டேன்.

பதில்: குழாய் மேல இருக்குற ஆயிலும் கோட்டிங்கும் வேகுது, அடங்கிடும். ஆனா மூடுன ஷெட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வண்டிக்கு கீழ போறப்ப ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் போட்டுட்டு ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டு போங்க. நல்லா சூடானதும் ஆஃப் பண்ணி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில எல்லா போல்ட்டையும் அதே வரிசையில ஒரு தடவை டார்க் பாருங்க, நடுவுல ரெண்டு மூணாவது இளகி இருக்கும்.