முதலில் எந்த நிட்டிங் புத்தகம்?

கேள்வி: ஸ்கார்ஃப், குல்லா பின்னத் தெரியும். அடுத்து ஸ்வெட்டர். வீட்டில் வைத்துக்கொள்ள எந்த மாதிரி நிட்டிங் புத்தகங்கள் வாங்கலாம்? பழைய புத்தகக் கடையில் கிடைப்பவை உதவுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: டிசைன் புத்தகத்துக்கு அவசரப்படாதீர்கள், செய்முறைப் புத்தகம்தான் முதல் தேவை. நழுவிய கண்ணியை (நூல் வளையத்தை) கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் மேலேற்றும் படம் இருக்கிறதா, கண்ணிகளைச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையைக் குறைக்கும்போது வலப்பக்கம் சாயும் குறைப்பையும் இடப்பக்கம் சாயும் குறைப்பையும் தனித்தனியே காட்டுகிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் அலமாரி அழகு.

ஸ்வெட்டர் புத்தகத்தில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்ற குறிப்பு இல்லையா? வேண்டவே வேண்டாம். 22 கண்ணி என்ற கணக்கில் 198 கண்ணி போட்டால் மார்புச் சுற்று 90 செ.மீ. வரும். உங்கள் கை தளர்ந்து 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 198 கண்ணி 99 செ.மீ. ஆகிவிடும். அரை மி.மீ. மெல்லிய ஊசியில் மாதிரித் துண்டை மறுபடி பின்னி, அலசி, காயவைத்த பிறகே அளந்து பாருங்கள்.

பழைய புத்தகங்களைத் தாராளமாக வாங்கலாம். ஊசி எண்ணில்தான் வம்பு: பழைய பிரிட்டிஷ் 8-ஆம் எண் 4 மி.மீ.; அமெரிக்க 8-ஆம் எண் 5 மி.மீ. வாங்கியதும் மி.மீ. அளவைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.