ஏசி/டிசி இசைக்குழு போன்ற 70-களின் ஹார்ட் ராக் கிட்டார் டோனை ஆம்ப்பில் எப்படிக் கொண்டுவருவது? கெயினைக் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற குமிழ்) கூட்டினால் எல்லாம் குழம்பிப் போகிறதே?

முதலில் கெயினைப் பாதியாகக் குறையுங்கள். குழப்பத்தில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த ஆல்பங்களில் நாம் கேட்பது ஒரே கிட்டாரை அல்ல. ஒரு காதுக்கு ஒன்று, இன்னொரு காதுக்கு ஒன்று, அடியில் பேஸ் கிட்டார். தனியாகப் பிரித்துக் கேட்டால் "இவ்வளவுதானா டிஸ்டார்ஷன் (ஒலி உடைந்து கரகரப்பது)?" என்று தோன்றும். அதிலும் ஏசி/டிசியின் ரிதம் கிட்டாரிஸ்ட் மால்கம் யங்கின் கிரெட்ச் கிட்டார் கிட்டத்தட்ட க்ளீன்தான். முரட்டுத்தனமெல்லாம் தடித்த கம்பிகளிலும் அவர் வலது கையிலும் இருந்தது. மூன்று பேர் சேர்ந்து கொடுக்கும் கனத்தை ஒரே கிட்டாரில் எட்டப் பார்ப்பதால்தான் கெயினும் பேஸும் தன்னால் 9-க்குப் போகின்றன.

இன்னொரு காரணம் ஆம்ப்பின் அமைப்பு. மார்ஷல் சூப்பர் லீட் 100 வாட்டில் மாஸ்டர் வால்யூமே (கெயினைத் தொடாமல் மொத்தச் சத்தத்தை மட்டும் மாற்றும் குமிழ்) கிடையாது. வால்யூமை ஏற்ற ஏற்ற ஃபேஸ் இன்வெர்ட்டரும் (பவர் வால்வுகளுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் கட்டம்) இஎல்34 பவர் வால்வுகளும் திணறத் தொடங்கும். அந்தத் திணறல்தான் நீங்கள் தேடும் சத்தம். ப்ரீஆம்ப்பில் (ஆம்ப்பின் முன்கட்டம்) மட்டும் பிறக்கும் டிஸ்டார்ஷன் ரம்பம் போல ஒரே சீராக இருக்கும். இதுவோ பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) மெதுவாகத் தொட்டால் தெளியும், ஓங்கி அடித்தால் உறுமும். ஆகவே மாஸ்டர் உள்ள ஆம்ப் என்றால் வீடு தாங்கும் அளவுக்கு மாஸ்டரை ஏற்றிவிட்டு, கெயினைக் கீழே வையுங்கள்.

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டார், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், கிட்டார் வால்யூம் 10. ஆம்ப்பில் கெயின் 4, பேஸ் 3, மிடில் 7, ட்ரெபிள் 6, பிரசென்ஸ் (பவர் கட்டத்தில் உச்ச அதிர்வெண்களைக் கூட்டும் குமிழ்) 4 என்று தொடங்கலாம். இப்போது ஓபன் ஏ கார்டு அடியுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனியாகக் காதில் விழ வேண்டும். விழவில்லையா, கெயினை அரைப் புள்ளி இறக்குங்கள். அடுத்து கிட்டார் வால்யூமை 6-க்குக் கொண்டுவாருங்கள்: ஏறக்குறைய க்ளீனாக வேண்டும். ஆகாவிட்டால் கெயின் இன்னும் அதிகம்தான்.

மிடில் 7 என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். மார்ஷல் வகை டோன் கன்ட்ரோல்களை எல்லாம் 5-ல் வைத்தாலும் ஃப்ளாட் வராது. 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் இருந்தே தீரும். மிடிலை ஏற்றுவது அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். மிடிலைக் குறைத்தால் தனியாக வாசிக்கும்போது பிரமாண்டமாக இருக்கும், டிரம்ஸ் நுழைந்ததும் கிட்டாரைக் காணோம்.

நான்கு இன்புட் உள்ள பழைய மாடலோ அதன் நகலோ கையில் இருந்தால் ஜம்பர் போடுங்கள்: கிட்டார் ப்ரைட் சேனலின் ஹை இன்புட்டில், அதே சேனலின் லோ இன்புட்டிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் நார்மல் சேனலுக்கு. ப்ரைட் 6, நார்மல் 3 என்று கலந்தால் காதைக் குத்தாது. ப்ரைட் சேனல் வால்யூம் குறைவாக இருக்கும்போது ஊசி போலக் குத்துவதற்கு, வால்யூம் குமிழின் குறுக்கே உள்ள 5000 பிகோஃபேரட் கெப்பாசிட்டர்தான் காரணம். ஏற்றினால் அதன் பாதிப்பு குறைந்துவிடும். 100 வாட்டை அறைக்குள் அப்படி ஏற்ற வேண்டுமானால் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும் கருவி) வேண்டும். எது எப்படியானாலும், ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்ப்பை வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பிக்கப் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்: பிரிட்ஜில் சுமார் 1.6 மி.மீ., நெக்கில் 2.4 மி.மீ. இதைவிட நெருங்கினால் அவுட்புட் கூடும், ஆனால் அடியின் முனை மழுங்கி, தடித்த கம்பிகள் கொழகொழத்துப் போகும்.

பெடல் அவசியமில்லை. சின்ன ஆம்ப்பில் உந்துதல் போதவில்லை என்றால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை டிரைவ் 0, லெவல் முழுசு, டோன் பாதி என்று வையுங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்பே பேஸை வெட்டுவதால் கீழ்க்கம்பிகள் இறுகிவிடும். பேஸைப் பின்னால் குறைப்பதைவிட முன்னால் குறைப்பது எப்போதும் மேல்.

மாடலர் (ஆம்ப்புகளை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி) வைத்திருப்பவர்கள் ப்ளெக்ஸி (பழைய மார்ஷல்) வகை ஆம்ப்பையும், க்ரீன்பேக் ஸ்பீக்கர் நான்கு உள்ள கேபினெட்டையும் தேர்ந்தெடுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். ஹெட்போனிலோ பிஏ-விலோ (மேடை ஒலிபெருக்கி அமைப்பு) கேபினெட் சிமுலேஷன் (அந்தச் சரிவைப் போலச் செய்வது) இல்லாமல் கேட்டால் வண்டு இரைச்சல்தான் வரும். அதே மாடலரைக் கிட்டார் ஆம்ப்பில் செருகும்போது சிமுலேஷனை அணைக்க வேண்டும். இல்லையேல் கம்பளி போர்த்தியது போல ஆகும்.

இத்தனைக்கும் பிறகு ஜி கார்டு மட்டும் கலங்கலாக இருந்தால், ஆம்ப்பைத் தொடாதீர்கள். ஏ கம்பியில் இருக்கும் பி ஸ்வரத்தை எடுத்துவிட்டு, 6-வது கம்பியில் விரல் வைத்தபடி அதன் உட்புறத்தால் 5-வது கம்பியை லேசாகத் தொட்டு மியூட் செய்யுங்கள். டிஸ்டார்ஷனில் மூலச் சுருதியும் ஐந்தாவதும் ஒட்டிப்போகும். கீழே கிடக்கும் மூன்றாவது ஸ்வரம் (இங்கே அந்த பி) தான் மற்றவற்றோடு உரசிச் சேறாக்குகிறது.